கடைசி 40 பிபிஎம்: பி.எஸ்-6 பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சுத்திகரிப்பு ஆலைக்குள் என்னென்ன மாறின

நீங்கள் கேட்டது இரண்டு. பி.எஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதியின் நான்காம் கட்டம்) எரிபொருளில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை இருந்த கந்தகத்தை பி.எஸ்-6-ல் 10 பிபிஎம் ஆக்க, ஆலைகளுக்கு இத்தனை வருடமும் இத்தனை கோடியும் ஏன் தேவைப்பட்டது, இன்னும் கொஞ்சம் நன்றாக வடிகட்டினால் போதாதா என்பது ஒன்று. புதிய டீசல் பழைய வண்டியின் பம்ப்பைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் இரண்டாவதற்கான பதில் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

கந்தகம் எண்ணெயில் தூசி போல மிதப்பதில்லை. கார்பன், ஹைட்ரஜன் அணுக்களோடு பிணைந்து எண்ணெய் மூலக்கூறின் ஓர் உறுப்பாகவே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நுண்ணிய வடிகட்டி போட்டாலும் அது சிக்காது. மூலக்கூறை உடைத்து, கந்தகத்தை ஹைட்ரஜனோடு சேர்த்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேற்றினால்தான் உண்டு. இதில் ஒரு சிக்கல்: முதலில் சுலபமாக உடைபவை எல்லாம் உடைந்துபோகும். கடைசியில் மிஞ்சுபவை வேறு இனம். 500 பிபிஎம்மிலிருந்து 50-க்கு வர உதவிய யூனிட், அதே வேலையை இன்னும் கொஞ்சம் செய்து 10-க்கு வந்துவிடாது. பணமும் காலமும் போனது அங்கேதான்.

காலக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்-3 காலத்தில் பெட்ரோலுக்கு 150, டீசலுக்கு 350 பிபிஎம் வரை அனுமதி. பி.எஸ்-4-ல் இரண்டுக்கும் 50. 2017 ஏப்ரலில் பி.எஸ்-4 நாடு முழுக்க வந்தது. அதற்கு முன்பே, 2016 ஜனவரியில், பி.எஸ்-5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்-6-க்குப் போவதென்று மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. தில்லிக்கு 2018 ஏப்ரல் 1 அன்றே வந்தது. நாடு முழுமைக்கும் 2020 ஏப்ரல் 1. பழைய யூனிட்டை நிறுத்தி, ரியாக்டர் வாங்கி, பொருத்தி, ஓட்டிப் பார்க்க இது தாராளமான அவகாசம் இல்லை. ஓர் உயர் அழுத்த ரியாக்டரைச் செய்து வாங்கவே ஒன்றரை இரண்டு வருடம் ஆகிவிடும்.

பெட்ரோலை முதலில் எடுத்துக்கொள்வோம். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் ஒரே குழாயிலிருந்து வருவதில்லை. ரிஃபார்மேட், ஐசோமரேட், எஃப்.சி.சி. பெட்ரோல் என்று நாலைந்து சரக்குகளைக் கலந்த கலவை அது. முதல் இரண்டையும் தரும் ரிஃபார்மரும் ஐசோமரைசேஷன் யூனிட்டும் பிளாட்டினம் வினையூக்கியில் ஓடுபவை. பிளாட்டினம் கந்தகத்தைத் தாங்காது, அதனால் அவற்றுக்குள் போகும் நாப்தா என்ற லேசான எண்ணெயை முன்பே அரை பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்திருப்பார்கள். ஆகவே பெட்ரோலில் இருக்கும் கந்தகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எஃப்.சி.சி.யிலிருந்து வருவதுதான். கனமான எண்ணெயை வினையூக்கித் தூளில் மோதவிட்டு உடைக்கும் யூனிட் அது. 2 சதவீதக் கந்தகம் உள்ள எண்ணெய் உள்ளே போனால், வெளிவரும் பெட்ரோலில் 1,000 முதல் 2,000 பிபிஎம் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவையில் எஃப்.சி.சி. பெட்ரோல் 40 சதவீதம், மற்றவற்றில் கந்தகம் 1 பிபிஎம் என்று வைத்துக்கொண்டால், ஆலை வாசலில் 8 பிபிஎம் காட்ட எஃப்.சி.சி. பெட்ரோல் 18 பிபிஎம்முக்குள் வந்தாக வேண்டும். 10 வரை அனுமதி இருக்கும்போது ஏன் 8 என்றால், வழியில் கலப்பதற்கும் லேப் அளவீட்டின் ஏற்ற இறக்கத்துக்கும் இடம் விட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

1,500-ஐ 18 ஆக்க ஹைட்ரஜனைப் பாய்ச்சினால் போயிற்று என்று தோன்றும். பாய்ச்சினால் கந்தகம் போய்விடும்; கூடவே ஆக்டேனும் (என்ஜினில் தட்டல் இல்லாமல் எரியும் தன்மையின் அளவு) போய்விடும். எஃப்.சி.சி. பெட்ரோலில் கால் பங்குக்கு மேல் ஓலிஃபின்கள், அதாவது இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகள். அதன் ஆக்டேனைத் தாங்கிப் பிடிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 2-ஹெக்சீனின் ஆக்டேன் 90-க்கு மேல். அதில் ஹைட்ரஜன் ஏறி நார்மல் ஹெக்சேன் ஆகிவிட்டால் 25! ஆறு கார்பன் அப்படியே இருக்கிறது, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, கந்தகத்தை மட்டும் பிடுங்க வேண்டும், ஓலிஃபினைத் தொடக்கூடாது.

இதற்கு வழி இயற்கையிலேயே பாதி இருக்கிறது. எஃப்.சி.சி. பெட்ரோலின் லேசான பகுதியில் ஓலிஃபின் அதிகம், கந்தகம் குறைவு. கனமான பகுதியில் கந்தகம் அதிகம் (தயோபீன், பென்சோதயோபீன் வகைகள்), ஓலிஃபின் குறைவு. முதலில் மிதமான சூட்டில் ஒரு சிறு ரியாக்டர். அதில் பிசின் கட்டக்கூடிய இரட்டை ஓலிஃபின்கள் அடங்கிவிடும். லேசான மெர்காப்டான்கள் (ஒருவகைக் கந்தகச் சேர்மங்கள்) ஓலிஃபினோடு சேர்ந்து கனமான சல்பைடாக மாறிவிடும். அடுத்து ஸ்ப்ளிட்டர், அதாவது கொதிநிலைப்படி பிரிக்கும் கோபுரம். கனமாகிப்போன கந்தகமெல்லாம் அடிப்பகுதிக்கு இறங்கிவிட, மேலே வரும் லேசான பெட்ரோலை ஹைட்ரஜன் பக்கமே அனுப்பாமல் நேராகக் கலவைக்கு எடுத்துக்கொள்ளலாம். அடியில் வருவது மட்டும் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கிக்குப் போகும். அங்கே அழுத்தத்தை 15 முதல் 25 பார் என்று குறைவாகவே வைப்பார்கள், ஓலிஃபின் பிழைக்கட்டும் என்றுதான்.

இந்த யூனிட்டில் ஆபரேட்டரை அலைக்கழிக்கும் விஷயம் ஒன்று உண்டு. வெளியேற வேண்டிய ஹைட்ரஜன் சல்பைடு, ரியாக்டரின் வாயிலேயே மிஞ்சியிருக்கும் ஓலிஃபினோடு திரும்பச் சேர்ந்து புதிய மெர்காப்டானாகிவிடும். லேப் அறிக்கையில் கந்தகம் 25 என்று வரும். உடனே சூட்டை ஏற்றினால் ஓலிஃபின் இன்னும் அழியும், ஆக்டேன் விழும், கந்தகமோ எதிர்பார்த்த அளவு இறங்காது. மொத்தக் கந்தகத்தை மட்டும் பார்க்காமல் அதில் மெர்காப்டான் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெர்காப்டான்தான் அதிகம் என்றால் வைத்தியம் வேறு: சுழலும் வாயுவை அமீன் கரைசலில் நன்றாகக் கழுவி, ஹைட்ரஜன் சல்பைடின் அளவைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு பதமாக ஓட்டினாலும் கனமான பகுதியில் ஒன்றிலிருந்து மூன்று ஆக்டேன் வரை இழப்பு இருக்கும். அதை வேறெங்காவது ஈடுகட்டியாக வேண்டும். ரிஃபார்மேட்டைக் கூட்டலாம், அதன் ஆக்டேன் 98-க்கு மேல். ஆனால் அது அரோமேட்டிக் (பென்சீன் போன்ற வளைய மூலக்கூறுகள்) மயம். பெட்ரோலில் அரோமேட்டிக் 35 சதவீதத்தையும் பென்சீன் 1 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. பென்சீனைக் குறைக்க எளிய வழி, ரிஃபார்மருக்குள் போகும் நாப்தாவின் தொடக்கக் கொதிநிலையை 85, 90 டிகிரிக்கு உயர்த்துவது. 72 டிகிரியில் கொதிக்கும் மெத்தில் சைக்ளோபென்டேனும் 81-ல் கொதிக்கும் சைக்ளோஹெக்சேனும்தான் பென்சீனாக மாறுபவை. அவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டால் பென்சீன் பிறக்காது. நிறுத்தியதை என்ன செய்வது? ஐசோமரைசேஷனுக்கு அனுப்புகிறார்கள். நார்மல் பென்டேனின் ஆக்டேன் 62. கிளை பிரிந்து ஐசோபென்டேன் ஆனால் 92. கந்தகமும் அரோமேட்டிக்கும் இல்லாத ஆக்டேன் என்பதால், பெட்ரோலைச் சுத்தமாக்க நினைத்த ஆலை ஒவ்வொன்றும் இந்த யூனிட்டைத் தேடிப்போனது. குளோரைடு ஏற்றிய அலுமினா வினையூக்கியென்றால் ஈரம் துளிக்கூட ஆகாது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் ஒன்று சரியாகப் புத்துயிர் பெறாமல் வரிசைக்கு வந்தால், உள்ளே நுழையும் நீர் குளோரைடைக் கழற்றிக்கொண்டு போய்விடும். அந்த வினையூக்கியை ரியாக்டருக்குள் வைத்தே பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

டீசல் இதைவிடக் கடினம்.

பி.எஸ்-2, பி.எஸ்-3 காலத்து டீசல் கந்தக நீக்க யூனிட்டுகள் 30, 40 பார் அழுத்தத்தில் ஓடின. அவை சுலபமான கந்தகத்தை எடுத்துவிடும். கடைசியில் நிற்பது 4,6-டைமெத்தில் டைபென்சோதயோபீன் போன்றவை. கந்தக அணுவுக்கு இரண்டு பக்கமும் ஒரு மெத்தில் கிளை காவல் நிற்கும். வினையூக்கியின் பரப்பில் கந்தகம் போய் உட்கார இடமே கிடைக்காது. அதனால் முதலில் பக்கத்து வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்றி, தட்டையாக இருந்த மூலக்கூறை முறுக்கி, கந்தகத்தை வெளியே தெரியவைத்து, அப்புறம்தான் பிடுங்க முடியும். வளையத்தில் ஹைட்ரஜன் ஏற அழுத்தம் வேண்டும். நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கி வேண்டும். எண்ணெய் அதன்மேல் அதிக நேரம் நிற்க வேண்டும், அதாவது ரியாக்டர் பெரிதாக வேண்டும். 70 முதல் 100 பார் வரை போகும் ஹைட்ரோட்ரீட்டர்கள் (ஹைட்ரஜனால் கந்தகம் நீக்கும் யூனிட்டுகள்) வந்தது இதனால்தான். இருக்கும் யூனிட்டைப் புதுப்பித்த இடங்களில் இரண்டாவது ரியாக்டரை வரிசையில் சேர்த்தார்கள். உள்ளே எண்ணெயைப் பரப்பும் தட்டை மாற்றினார்கள். வினையூக்கியைச் சாக்குக் குழாய் வழியாகக் கொட்டாமல் எந்திரம் வைத்துச் சீராகத் தூவி நெருக்கமாக நிரப்பினார்கள். பரவல் சரியில்லாமல் எண்ணெயில் சிறு பங்கு வினையூக்கியைச் சரியாகத் தொடாமல் ஓடினாலும் 10 பிபிஎம் கைக்கு எட்டாது.

சூட்டை ஏற்றிச் சமாளிப்பதற்கும் எல்லை உண்டு. புதிய வினையூக்கி 340, 350 டிகிரியில் தொடங்கும். பழசாகப் பழசாக மாதத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிக்கொண்டே போவார்கள். 390-ஐ நெருங்கும்போது வளையத்தில் ஹைட்ரஜன் ஏறும் வினை பின்னோக்கித் திரும்பத் தொடங்கும். காவல் நிற்கும் அந்த மூலக்கூறுக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும். டீசல் பச்சை மஞ்சளாக நிறம் மாறும். அப்போது ஷட்டவுன் எடுத்து வினையூக்கியை மாற்றுவதுதான் வழி. கசடு எண்ணெயைச் சூட்டிலேயே உடைக்கும் கோக்கரிலிருந்தும் எஃப்.சி.சி.யிலிருந்தும் வரும் டீசலை அதிகம் சேர்த்தால் இந்த நாள் சீக்கிரமே வந்துவிடும். அவற்றில் நைட்ரஜனும் அரோமேட்டிக்கும் அதிகம். எஃப்.சி.சி. டீசலின் சீட்டேன் (எவ்வளவு எளிதாகப் பற்றும் என்பதன் அளவு) 20, 25-தான் இருக்கும், விதியோ 51 கேட்கிறது. பல ஆலைகள் அதை ஹைட்ரஜன் சேர்த்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கருக்குத் திருப்பியதும், டீசலின் கடைசிக் கொதிநிலையைச் சில டிகிரி இறக்கியதும் இதற்காக. இறக்கிய அந்தச் சில டிகிரிக்குள்தான் மோசமான கந்தக மூலக்கூறுகள் குவிந்திருக்கின்றன.

இனி ஒரு கோளாறைக் கிட்டத்தில் பார்ப்போம். 10 பிபிஎம் எவ்வளவு சிறியது என்பது இதில்தான் உறைக்கும். ரியாக்டருக்குள் போகும் குளிர்ந்த எண்ணெயை, வெளிவரும் சூடான எண்ணெய் வெப்பப் பரிமாற்றியில் சூடாக்கும். இரண்டுக்கும் நடுவே குழாய்ச் சுவர்தான். உள்ளே போகும் எண்ணெயின் அழுத்தம் அதிகம், ஆகவே பொத்தல் விழுந்தால் சுத்தமாகாத எண்ணெய் சுத்தமான பக்கம் பாயும். உள்ளே போவதில் 12,000 பிபிஎம் கந்தகம், ரியாக்டரிலிருந்து வருவதில் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் லிட்டரில் வெறும் ஐந்து லிட்டர் கசிந்தால் 6 பிபிஎம் கூடும். 12 ஆகிவிட்டது, டேங்க் முழுதும் விதிக்கு வெளியே. பி.எஸ்-3 காலத்தில் 350-க்குள் இந்த ஆறை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வினையூக்கி ஓய்ந்ததா, பரிமாற்றி கசிகிறதா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு தடயங்கள் உண்டு. சூட்டை ஐந்து டிகிரி ஏற்றியும் கந்தகம் அசையவில்லை என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, டீசலில் மிஞ்சியிருக்கும் கந்தகத்தை லேபில் வகைவாரியாகப் பிரிக்க வேண்டும். 4,6-டைமெத்தில் வகை மட்டும் இருந்தால் ரியாக்டர்தான் திணறுகிறது. சுலபமாக உடையக்கூடிய பென்சோதயோபீன்கள் தென்பட்டால், அவை ரியாக்டரைத் தாண்டி வந்திருக்க வழியே இல்லை, பரிமாற்றி ஓட்டை. இதைச் செய்து பார்க்காமல் சூட்டை ஏற்றிக்கொண்டே போய், நல்ல வினையூக்கியின் ஆயுளைப் பாதியாக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் மிகவும் வேதனையான தவறு.

ரியாக்டருக்குப் பிறகு வரும் ஏர் கூலரில் இன்னொரு தொல்லை. நைட்ரஜன் அமோனியாவாகி, ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து உப்பாகப் படியும். அதைக் கரைக்கத் தொடர்ந்து நீர் தெளிக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு அடைக்கும். அடைத்த குழாய் போக மற்றவற்றில் வேகம் கூடி உலோகம் அரிக்கும். 80 பார் ஹைட்ரஜன் ஓடும் குழாயில் அரிப்பு என்றால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? ஒரு டன் டீசலுக்கு 6 முதல் 12 கிலோ வரை தேவை. ரிஃபார்மர் தரும் ஹைட்ரஜன் போதாது. இயற்கை வாயுவையோ நாப்தாவையோ நீராவியோடு சேர்த்து 850 டிகிரி சூட்டில் நிக்கல் வினையூக்கியில் உடைக்கும் தனி யூனிட் தேவைப்படும். இயற்கை வாயு என்றால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வினையிலேயே நாலரை கிலோ நீர் செலவு. 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். தெருவில் புகை குறைய, ஆலையின் புகைபோக்கியில் கரிவாயு கூடுகிறது என்பது உண்மைதான். அப்படியும் இது சரியான பேரம் என்றே நான் நினைக்கிறேன். குழந்தையின் மூச்சு மட்டத்தில் நிற்கும் பேருந்துப் புகையில் நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வினையூக்கியும் கந்தகம் குறைந்த எரிபொருளில்தான் நீடித்து உழைக்கும்.

பிடுங்கிய கந்தகத்துக்கும் இடம் வேண்டும். நாளொன்றுக்கு 6,000 டன் டீசல், அதில் 1.2 சதவீதம் கந்தகம் என்றால் தினமும் 72 டன். அமீனில் பிடித்த ஹைட்ரஜன் சல்பைடில் மூன்றில் ஒரு பங்கை எரித்து, மீதியோடு வினைபுரியவிட்டு, மஞ்சள் கந்தகமாக எடுக்கிறார்கள். கடைசியில் மிஞ்சும் வால் வாயுவையும் சுத்தப்படுத்தினால் 99.9 சதவீதம் பிடிபடும். கந்தக யூனிட் ஒன்று நின்றால், மாற்று வரிசை இல்லாத ஆலை டீசல் உற்பத்தியையே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சென்னை மணலி ஆலையும் பி.எஸ்-6-க்காக எஃப்.சி.சி. பெட்ரோலுக்குப் புதிய கந்தக நீக்க யூனிட் கட்டியது, டீசல் ஹைட்ரோட்ரீட்டரையும் விரிவாக்கியது. நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்தும், காட்டுப்பள்ளியில் கடல்நீரின் உப்பை நீக்கியும் நீர் எடுத்துக்கொள்ளும் ஆலை அது. நீராவி யூனிட்டுகள் கூடக் கூட அந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஆலை வாசலோடு வேலை முடிந்துவிடாது. பைப்லைனில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. 2,000 பிபிஎம் மண்ணெண்ணெய் டீசலில் 0.1 சதவீதம் கலந்தாலே 2 பிபிஎம் கூடிவிடும். எட்டில் அனுப்பினால் பத்தைத் தொட்டுவிடும். ஆகவே இடையில் விடும் மண்ணெண்ணெயும் கந்தகம் குறைந்ததாக இருக்க வேண்டும். கலந்த பகுதியை வெட்டும் நேரம் நொடிக்கணக்கில் துல்லியமாக வேண்டும். டெர்மினல் என்ற சேமிப்புக் கிடங்கில் டேங்க்கின் அடிவண்டல், யாரும் திறக்காத வால்வுக்குப் பின்னால் தேங்கிய பழைய எண்ணெய் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். 2020 ஏப்ரல் 1-க்கு மாதங்கள் முன்பே ஆலைகள் புதிய எரிபொருளை அனுப்பத் தொடங்கியது, ஒவ்வொரு டேங்க்கும் பங்க்கும் சிலமுறை நிரம்பிக் காலியாகி, பழையது முழுதும் கழுவிப் போகட்டும் என்றுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பயம் முழுக்கக் கற்பனை இல்லை. கந்தகத்தைப் பிடுங்கும்போது, உலோகத்தில் ஒட்டி வழுவழுப்பைத் தரும் நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்மங்களும் போய்விடுகின்றன. வழுவழுப்பு தந்தது கந்தகம் என்று பலரும் நினைப்பது தவறு. வெறும் ஹைட்ரோட்ரீட்டர் டீசலை அப்படியே ஊற்றினால் பம்ப் தேயும். அதனால்தான் 100 முதல் 200 பிபிஎம் வரை கொழுப்பு அமில வகைச் சேர்க்கையை ஊற்றி அனுப்புகிறார்கள். 60 டிகிரியில் ஓர் எஃகு உருண்டையைத் தகட்டின்மேல் டீசலுக்குள் தேய்த்து, விழும் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது சோதனை. பங்க்கில் வருவது இதில் தேறிய டீசல்தான். அதற்குமேல் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்ற வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் மட்டும் கலக்கவே கலக்காதீர்கள், இருக்கும் வழுவழுப்பும் போய்விடும்.

இதே சுத்திகரிப்பு டீசலின் மின்கடத்தும் திறனையும் குறைத்துவிடுகிறது. வேகமாக ஊற்றும்போது நிலைமின்சாரம் தேங்கும். முந்தைய சுமை பெட்ரோலாக இருந்த லாரியில் டீசல் ஏற்றினால், உள்ளே மிஞ்சிய ஆவியும் இந்தப் பொறியும் சேர்ந்து தீப்பிடிக்கலாம். டெர்மினலில் வேலை செய்பவர்கள் குழாய் முனை எண்ணெயில் மூழ்கும்வரை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் போகாமல் பார்த்துக்கொள்வதும், எர்த்திங் கிளிப் மாட்டாமல் வால்வைத் தொடாததும் இதற்காகத்தான்.

பழைய வண்டியில் உண்மையிலேயே நடக்கக்கூடியது கசிவு. அரோமேட்டிக் அதிகமுள்ள டீசலில் வருடக்கணக்கில் ஊறி உப்பிய நைட்ரைல் ரப்பர் சீல்கள், அரோமேட்டிக் குறைந்த டீசல் பட்டதும் கொஞ்சம் சுருங்கும். ரப்பர் இளசாக இருந்தால் சமாளித்துக்கொள்ளும். இறுகிப்போயிருந்தால் பம்ப்பின் ஷாஃப்ட் பக்கமோ பைப் இணைப்பிலோ ஈரம் தெரியும். ரோட்டரி பம்ப் உள்ள வண்டி என்றால் இதைக் கவனித்துப் பாருங்கள், அதன் உள்பாகங்கள் டீசலிலேயே ஊறி ஓடுபவை. இன்லைன் பம்ப்புக்குக் கேம் பக்கம் என்ஜின் ஆயில் கிடைப்பதால் கவலை குறைவு. ஈரம் தெரிந்தால் பம்ப்பையே மாற்ற வேண்டியதில்லை. சீல் கிட் மாற்றினால் போதும், கிடைத்தால் வைட்டான் ரப்பரில் வாங்கிப் போடச் சொல்லுங்கள்.